வெள்ளாற்றங்கரைப் பெண்ணாடம்

பெண்ணாடம் கடலூர் மாவட்டத்தின் தென்மேற்கு ஓரத்தில், வெள்ளாற்றின் வடகரையை அடுத்து இருக்கிறது. விருத்தாசலத்திலிருந்து திட்டக்குடி வழியாகத் தொழுதூர் போகும் சாலையில், இருபது கிலோமீட்டருக்குள் வந்துவிடும் ஊர். தெற்கே ஆற்றைத் தாண்டினால் அரியலூர் மாவட்டம். பேரூராட்சி அலுவலகம், ரயில் நிலையம், கடைத்தெரு எல்லாம் உண்டு என்றாலும், ஊரைச் சுற்றி நெல்லும் கரும்பும்தான். கடலூர் மாவட்டம் என்றதும் துறைமுகமும் மீனவர் குப்பங்களும் நினைவுக்கு வருவது இயல்பு. பெண்ணாடத்துக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நேர்கோட்டில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தூரம் இருக்கிறது. ஆனாலும் கடலை விட்டுவிட்டு இந்த ஊரின் வரலாற்றை எழுத முடியாது. சுற்றுவட்டார நிலத்தில் ஒரு பகுதி பழங்காலக் கடல் விட்டுப்போனது. ஊரை ஒட்டி ஓடும் ஆறோ, பரங்கிப்பேட்டை முகத்துவாரம் வரைக்கும் மனிதர்களும் சரக்கும் போய்வந்த வழி.

நிலத்திலிருந்தே தொடங்கலாம். பெண்ணாடத்துக்கு மேற்கே, திட்டக்குடியைத் தாண்டிப் போகப்போக, அடியில் கெட்டியான கருங்கல் பாறை. கிழக்கேயும் தெற்கேயும் கடலடியில் படிந்து இறுகிய பாறைகள். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரேட்டேசியஸ் காலத்தில், இன்றைய அரியலூர் வரைக்கும் கடல் ஏறியிருந்தது. அந்தக் கடலில் வாழ்ந்த சுருள் ஓட்டு அம்மோனைட்டுகளும் சிப்பிகளும் கல்லாகிக் கிடக்கின்றன. 1840 வாக்கில் கேய், கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் இவற்றைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற இயற்கையியலாளர் 1846இல் அவற்றை விவரித்து எழுதினார். புதைபடிவங்கள் கிடைத்த இடங்களாக அவர் குறித்தவை மூன்று: புதுச்சேரி, திருச்சிராப்பள்ளிப் பக்கம், விருத்தாசலம். 1860 வாக்கில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஹென்றி பிளான்ஃபோர்ட் இந்தப் பகுதி முழுவதையும் அளந்து வரைபடமாக்கினார். விருத்தாசலத்துக்குக் கிழக்கே கடற்கரை நோக்கிச் சரியும் செம்மண் மேட்டுக்குக் கடலூர் மணற்கல் என்ற பெயர் நிலைத்ததும் அந்தக் கால ஆய்வுகளால்தான். நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி கிடப்பது அந்த மணற்கல்லுக்கு அடியில்.

இந்தப் பாறை வேறுபாடு பாடப்புத்தகத்தோடு நின்றுவிடவில்லை. ஆற்றின் தென்கரைக்கு அப்பால் சுண்ணாம்புக்கல் இருந்ததால் அங்கே சிமென்ட் ஆலைகள் வந்தன. அரசின் சிமென்ட் ஆலை அரியலூரில் 1979இல் உற்பத்தியைத் தொடங்கியது. வடகிழக்கில் நல்ல களிமண் கிடைத்ததால் விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பேர்போனது. பெண்ணாடத்துக்குக் கிடைத்தது ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல். ஆலைகளும் சுரங்கங்களும் சுற்றிலும் எழுந்தபோதும் இந்த ஊர் வேளாண்மை ஊராகவே நின்றதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

வெள்ளாறு என்ற பெயரில் தமிழ்நாட்டில் இரண்டு ஆறுகள் உண்டு. சோழ நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் எல்லையாகச் சொல்லப்படுவது புதுக்கோட்டை வழியாக ஓடும் தென்வெள்ளாறு. பெண்ணாடத்து ஆறு அதுவல்ல, இது வடவெள்ளாறு. கல்வராயன் மலைப் பக்கத்திலிருந்து வரும் வசிட்ட நதியும் கொல்லிமலைப் பக்கத்திலிருந்து வரும் சுவேத நதியும் கூடி வெள்ளாறாகின்றன. தொழுதூர், திட்டக்குடி, பெண்ணாடம் என்று கிழக்கே வரும் ஆற்றோடு, விருத்தாசலத்தைத் தொட்டு வரும் மணிமுத்தாறு கூடலையாற்றூரில் சேர்கிறது. பிறகு சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகப் பரங்கிப்பேட்டை. ஆற்றின் பழைய பெயர் நிவா. தேவாரமும் பெரியபுராணமும் அப்படித்தான் சொல்கின்றன.

காவிரிபோல ஆண்டில் பல மாதம் தண்ணீர் பார்க்கும் ஆறல்ல இது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் இரு கரையும் தொட்டுப் போகும். பங்குனி பிறந்தால் வெறும் மணல்வெளி. அந்த மணலுக்கு அடியில் ஊற்று இருக்கும். கோடையில் ஆற்றில் ஊற்றுத் தோண்டிக் குடிதண்ணீர் எடுப்பது கரையோர ஊர்களின் பழக்கமாக இருந்தது. ஒரே ஆறு இரண்டு மாதம் பயமுறுத்தும், மீதி மாதங்களில் ஏங்கவைக்கும். ஊரின் கோயில் கதையிலும் இது படிந்திருக்கிறது.

பெண்ணாடத்தின் எழுத்து வரலாறு கோயிலோடு தொடங்குகிறது. நடுநாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் 22. மேற்கிலிருந்து வரிசையாக எண்ணும்போது வெள்ளாற்றங்கரை அரத்துறை முதலாவது, பெண்ணாகடம் இரண்டாவது. தேவாரத்தில் ஊரின் பெயர் கடந்தை. கோயிலின் பெயர் தூங்கானைமாடம். இறைவன் சுடர்க்கொழுந்துநாதர். பிரளயகாலேசுவரர் என்ற பெயரே இன்று பெரும்பாலோர் வாயில் வருவது. அம்மன் ஆமோதனாம்பாள், அழகிய காதலி என்றும் பெயர். தலமரம் செண்பகம். தேவமகளிரும் காமதேனுவும் இந்திரனின் வெள்ளை யானையும் வழிபட்ட ஊர் என்பதால் பெண்-ஆ-கடம் என்று பெயர் வந்ததாகத் தலபுராணம் சொல்லும். எல்லா ஊர்ப் பெயருக்கும் தலபுராணம் இப்படி ஒரு காரணம் வைத்திருக்கும். அதற்கு மேல் எடை வைக்க வேண்டாம்.

தூங்கானைமாடம் என்பது வெறும் புகழ்ச்சிப் பெயரல்ல, கட்டட அமைப்பின் பெயர். முன்பக்கம் நேராகவும் பின்பக்கம் அரைவட்டமாகவும் அமைந்த கருவறை மேல் விமானம் எழும்போது, பின்னாலிருந்து பார்ப்பவருக்குப் படுத்துறங்கும் யானையின் முதுகு தெரியும். சிற்ப நூல்கள் இதைக் கஜபிருஷ்டம் என்கின்றன. பௌத்தர்களின் சைத்தியங்களில் தொடங்கிய இந்த அமைப்பைச் சைவக் கோயில்களும் எடுத்துக்கொண்டன. மாமல்லபுரத்து ஐந்து ரதங்களில் சகாதேவ ரதம் இந்த வடிவம்தான். அதன் பக்கத்திலேயே ஒரு கல் யானையையும் செதுக்கி வைத்திருப்பதால், பார்ப்பவருக்குச் சட்டென்று விளங்கிவிடும். பெண்ணாடத்தில் கருவறைச் சுவரில் மூன்று பக்கமும் பலகணிகள் உண்டு. உள்சுற்று வருகிறவர் எந்தப் பக்கம் நின்றும் லிங்கத்தைப் பார்க்கலாம். நேர்வாசல் ஒன்றை மட்டும் நம்பும் பெரும்பாலான கோயில்களுக்குப் பழகிய கண்ணுக்கு இது புதுமை. வளாகத்தில் கட்டுமலை மேல் சௌந்தரேசுவரர் சன்னதி தனியாக இருக்கிறது.

நந்தி வழக்கப்படி இறைவனைப் பார்த்து இல்லாமல், ஊர்ப் பக்கம் திரும்பியிருப்பது இந்தக் கோயிலின் இன்னொரு அடையாளம். உலகை மூடவந்த பிரளயத்தைத் தடுக்கச் சொல்லி இறைவன் ஆணையிட, நந்தி வாசல் நோக்கித் திரும்பி வெள்ளத்தைக் குடித்துவிட்டது என்பது கதை. இதை ஏதோ ஓர் ஆண்டின் வெள்ளத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்வது மிகை. ஆனால் ஆற்றங்கரையில் குடியிருக்கும் மக்கள் தங்கள் சாமிக்குக் கொடுத்த வேலை என்ன என்பதை அது காட்டுகிறது. கடலோரத்துச் சீர்காழியிலும் பிரளயத்தில் தோணி மிதந்த கதை உண்டு. கடலும் ஆறும் ஏறிவரும் நிலத்தில் பிரளயக் கதை வேர்விட்டதில் வியப்பில்லை.

7ஆம் நூற்றாண்டில் அப்பரும் சம்பந்தரும் இங்கே வந்தார்கள். இருவர் பதிகமும் உண்டு. அப்பர் வந்த சூழ்நிலை முக்கியமானது. அதுவரை அவர் கடலூர்ப் பக்கத்துப் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியில் தருமசேனர் என்ற பெயரோடு தலைமை ஏற்றிருந்தவர். சைவத்துக்குத் திரும்பிய பிறகு பல்லவ மன்னனின் தண்டனைகளுக்கு ஆளானார். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்டார். மிதந்து கரை சேர்ந்த இடம் கடலூரை அடுத்த கரையேறவிட்டகுப்பம் என்று இன்றும் அழைக்கப்படுகிறது. அங்கிருந்து திருவதிகை, பிறகு உள்நாட்டுத் தலங்கள். பெண்ணாகடத்துக்கு வந்தபோது, சமணத்தில் இருந்த உடலோடு வாழ மனமில்லாமல், தோளில் சைவ அடையாளம் பொறிக்க வேண்டுமென்று வேண்டினார். பூதகணம் ஒன்று வந்து சூலக்குறியும் இடபக்குறியும் பொறித்தது என்கிறது பெரியபுராணம். ஒரு சமயத்தை விட்டு இன்னொன்றுக்கு வந்தவரின் மனக்குறையை வெளிப்படையாகப் பேசும் இடம் என்பதால் சமய வரலாறு எழுதுபவர்கள் இந்தப் பதிகத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறார்கள்.

அடுத்து அவர் போன வழி நில நூலுக்கு உதவுவது. பெண்ணாகடத்திலிருந்து அரத்துறை, முதுகுன்றம் என்ற விருத்தாசலம். பிறகு நிவாக்கரை வழியாகவே கிழக்கே நடந்து தில்லை சேர்கிறார். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் எழுதியவர். 7ஆம் நூற்றாண்டுப் பயணத்துக்கு அவரை நேர்ச்சாட்சி என்று கொள்ள முடியாது. ஆனால் தம் காலத்தில் மக்கள் நடந்த பாதையை அறியாமல் அவர் எழுதியிருக்க முடியாது. உள்நாட்டிலிருந்து சிதம்பரத்துக்கும் கடற்கரைக்கும் போகும் பாதை வெள்ளாற்றங்கரை என்பதற்கு இதைவிடத் தெளிவான பழைய குறிப்பு வேண்டியதில்லை.

சம்பந்தர் எதிர்த் திசையில் வந்தார். தில்லையிலிருந்து திருநீலகண்ட யாழ்ப்பாணரின் ஊரான எருக்கத்தம்புலியூர், முதுகுன்றம், பெண்ணாகடம். பெண்ணாகடத்திலிருந்து அரத்துறைக்கு நடக்கும்போது கால் நோக, வழியில் மாறன்பாடியில் இரவு தங்கினார். விடிந்ததும் அரத்துறை மக்கள் முத்துச் சிவிகையும் குடையும் சின்னமும் கொண்டு எதிர்கொண்டார்கள் என்பது புராணச் செய்தி. சிவிகை ஏறியவரின் கதையாக இது சொல்லப்படும். அதற்கு முந்தைய வரியில் இருப்பது, நடந்து நடந்து களைத்த ஒரு சிறுவனின் பயணம். பக்கத்து இறையூர்க் கோயிலிலும் சம்பந்தரின் தாகம் தீர்த்த கதை ஒன்று சொல்லப்படுகிறது; இறைவன் பெயரே தாகம் தீர்த்தபுரீசுவரர்.

நாயன்மார் அறுபத்துமூவரில் கலிக்கம்ப நாயனார் இந்த ஊர்க்காரர். வணிகர் குலம். அடியார்களை அழைத்துக் கால் கழுவி அமுது படைப்பவர். ஒருநாள் வந்த அடியார், முன்பு அவர் வீட்டில் வேலைபார்த்து விலகிப்போன ஆள். தண்ணீர் வார்க்க வேண்டிய மனைவி கரகத்தோடு தயங்கினாள். கலிக்கம்பர் அவள் கையை வெட்டிவிட்டுத் தாமே கால் கழுவினார். இன்று படிப்பவருக்கு இந்த வன்மை ஒப்பாது. ஒப்பவேண்டிய தேவையும் இல்லை. கதையில் வரும் வீடு மட்டும் கவனிக்கத்தக்கது. வேலையாள் வைத்துக்கொள்ளும் வசதியுள்ள வணிகக் குடும்பம், அந்த வேலையாள் வேடம் மாறி வந்தால் எழும் ஏற்றத்தாழ்வுச் சங்கடம் எல்லாம் பெண்ணாகடம் வெறும் உழவர் குடியிருப்பாக மட்டும் கருதப்படவில்லை என்பதைக் காட்டுகின்றன.

11ஆம் நூற்றாண்டில் அரசியல் மையம் பெண்ணாடத்துக்கு மிக அருகே வந்தது. முதலாம் ராஜேந்திரன் தலைநகரைத் தஞ்சையிலிருந்து கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மாற்றினான். அது இங்கிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். அதன் பிறகு 250 ஆண்டு காலம் நடுநாடு எல்லைப்புறமல்ல, தலைநகரின் வடபுறம். பராந்தகன் காலத்தில் இளவரசன் ராஜாதித்தன் நடுநாட்டில் படையோடு தங்கியிருந்தபோது வெட்டப்பட்டதாகச் சொல்லப்படும் வீராணம் ஏரியின் உபரி நீரும் சேத்தியாத்தோப்புப் பக்கம் வெள்ளாற்றுக்கே வருகிறது. சோழர் வலுவிழந்த 13ஆம் நூற்றாண்டில், சேந்தமங்கலத்தில் இருந்த காடவன் கோப்பெருஞ்சிங்கன் மூன்றாம் ராஜராஜனையே சிறைபிடித்தான். போசளர் படை வந்து மீட்க வேண்டியதாயிற்று.

அந்தக் குழப்பமான நூற்றாண்டில்தான் பெண்ணாடம் தமிழ்ச் சிந்தனை வரலாற்றில் நிலையான இடம் பிடித்தது. அச்சுதக்களப்பாளர் என்ற வேளாளருக்கு மகப்பேறு இல்லை. குலகுரு சகலாகம பண்டிதர் தேவார ஏட்டில் கயிறு சார்த்திப் பார்த்தார். வந்தது சம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகப் பாடல். கணவனும் மனைவியும் பூம்புகாருக்கு அருகே கடலோரத்தில் இருக்கும் வெண்காட்டுக்குப் போய் முக்குளம் ஆடி வழிபட்டார்கள். பிறந்த பிள்ளைக்கு அத்தலத்து இறைவன் பெயரையே வைத்துச் சுவேதவனப்பெருமாள் என்றார்கள். தாய்மாமன் பிள்ளையைத் திருவெண்ணெய்நல்லூருக்குக் கொண்டுபோய் வளர்த்தார். பரஞ்சோதி முனிவர் உபதேசித்து மெய்கண்டார் என்று பெயரிட்டார். ஏட்டில் கயிறு சார்த்திய அதே சகலாகம பண்டிதர் பின்னாளில் அந்தப் பிள்ளையின் மாணவராகி அருள்நந்தி சிவாசாரியார் ஆனார்.

மெய்கண்டாரின் சிவஞானபோதம் 12 நூற்பா, 40 வரி. சைவ சித்தாந்தம் என்று இன்று சொல்லப்படும் தத்துவம் முழுவதும் அந்த 40 வரிக்கு எழுதப்பட்ட விரிவு என்றால் தவறில்லை. அருள்நந்தி அதைச் சிவஞான சித்தியாராக விரித்தார். சந்தானக் குரவர் நால்வரில் மூன்றாமவரான மறைஞானசம்பந்தரும் பெண்ணாகடத்தில் பிறந்தவராகவே சொல்லப்படுகிறார். அவர் கிழக்கே போய்ச் சிதம்பரத்தை அடுத்த திருக்களாஞ்சேரியில் தங்கினார். தில்லைத் தீட்சிதர்களில் ஒருவரான உமாபதி சிவம் அவருக்கு மாணவரானார். குலம் பார்க்காமல் குருவைத் தொடர்ந்ததற்காக உமாபதி கோயில் உரிமை இழந்து கொற்றவன்குடியில் ஒதுங்கி வாழ்ந்ததாக மரபு. சித்தாந்த சாத்திரங்கள் 14இல் எட்டு அவர் எழுதியவை. அவற்றுள் சங்கற்ப நிராகரணம் சக ஆண்டு 1235இல், அதாவது கி.பி. 1313இல் எழுதப்பட்டது. இந்தக் குருமரபுக்குக் கிடைக்கும் உறுதியான காலக்குறி அது. தென்பெண்ணைக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள சின்ன நிலப்பரப்பில் மூன்று நான்கு தலைமுறைக்குள் ஒரு தத்துவப் பள்ளியே உருவாகி முடிந்துவிட்டது. மெய்கண்டாருக்குப் பெண்ணாடத்தில் கோயில் உண்டு.

பிந்தைய நூற்றாண்டுகளில் விஜயநகரம், செஞ்சி நாயக்கர், பீஜப்பூர், மராத்தியர், முகலாயர், ஆற்காட்டு நவாபு என்று ஆட்சி கைமாறியபடி இருந்தது. இவற்றில் ஊரின் பங்கைவிட ஆற்றின் கடைசிப் பகுதியில் நடந்ததே பெரிது. முகத்துவாரத்தில் போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் இறங்கி வணிகம் செய்ததால் அந்த ஊர் பரங்கிப்பேட்டை ஆனது. டச்சுக்காரர், டேனியர், ஆங்கிலேயர் எல்லோரும் அங்கே பண்டகசாலை வைத்தார்கள். ஆனால் அந்தத் துறையை வாழவைத்தவர்கள் மலாக்காவுக்கும் அச்சேவுக்கும் கப்பல் ஓட்டிய தமிழ் முஸ்லிம் மரைக்காயர்கள். உள்நாட்டுத் தறிகளில் நெய்த துணிதான் ஏற்றுமதிச் சரக்கு. வடக்கே கடலூரில் ஆங்கிலேயர் 1690இல் மராத்தியரிடம் தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கினார்கள். பீரங்கிக் குண்டு விழும் தூரம் வரைக்கும் நிலம் தங்களுடையது என்பது பேரம். கோட்டையிலிருந்து சுட்டு, குண்டு விழுந்த ஊர்களையெல்லாம் எடுத்துக்கொண்டார்கள். அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயரே வந்துவிட்டது. 1781 ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டைக்கு அருகே ஹைதர் அலியின் பெரும்படையும் அயர் கூட்டின் சிறிய படையும் மோதின. ஹைதர் பின்வாங்க நேர்ந்தது. 1801இல் நவாபிடமிருந்து ஆட்சி முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போயிற்று. பெண்ணாடம் தென்னார்க்காடு மாவட்டத்தில், விருத்தாசலம் தாலுகாவில் சேர்ந்தது.

வெள்ளாற்றின் தலைப்பையும் முகத்துவாரத்தையும் ஒரே தொழில் இணைத்த ஒரு காலமும் இருந்தது. கம்பெனி உத்தியோகத்தை விட்டுவந்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1830களில் பரங்கிப்பேட்டையில் இரும்பு உருக்காலை நடத்தினார். தாது சேலம் பக்கத்தது, எரிபொருள் காட்டு மரத்தை எரித்த கரி. அங்கே வார்த்த இரும்பு இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. வேல்ஸில் கட்டிய பிரிட்டானியா பாலத்தில் அது பயன்பட்டது. இரும்பின் தரத்தில் குறை இருக்கவில்லை. கரிக்கு மரம் வெட்டி வெட்டிக் காடு பின்வாங்கியதும், இங்கிலாந்தில் நிலக்கரியால் உருக்கிய மலிவு இரும்பு பெருகியதும் ஆலையை மூடவைத்தன. சேலத்துத் தாதுவைக் கடலோரத்துக்குக் கொண்டுவந்து உருக்குவதா, தாது இருக்கும் இடத்திலேயே உருக்குவதா என்ற கேள்விக்கு ஆலையை நடத்தியவர்கள் கடைசிவரை சரியான விடை காணவில்லை.

பாசனத்தில்தான் ஆங்கிலேயர் காலம் பெண்ணாடம் வட்டாரத்தை நேரடியாக மாற்றியது. வெள்ளாறு வெள்ளத்தை ஒரேயடியாகக் கடலுக்குத் தள்ளிவிடும் ஆறு. எனவே ஆற்றின் குறுக்கே அணைக்கட்டு, அங்கிருந்து ஏரிக்கு வாய்க்கால் என்பதே இங்கே பொருந்தும் முறை. தொழுதூரில் ஆற்றைத் தடுத்து, வாய்க்கால் வெட்டிக் கீழ்ச்செருவாயில் பெரிய ஏரி கட்டினார்கள். 1913இல் தொடங்கிய வேலை 1923இல் முடிந்தது. அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த வில்லிங்டன் பிரபுவின் பெயர் வைத்தார்கள். ஊர்க்காரர் வாயில் அது வெலிங்டன் ஏரி. கொள்ளளவு ஏறத்தாழ 2,580 மில்லியன் கனஅடி, ஆயக்கட்டு 24 ஆயிரம் ஏக்கர் அளவில். பெண்ணாடத்துக்குக் கீழே பெலாந்துறை அணைக்கட்டு, அதற்கும் கீழே சேத்தியாத்தோப்பு அணைக்கட்டு. மேலே நிறுத்திய தண்ணீர் கீழே வராது என்பதால், மழை குறைந்த ஆண்டுகளில் தலைமடைக்கும் கடைமடைக்கும் எழும் சச்சரவு இந்த ஆற்றிலும் உண்டு. மதகு திறக்கும் நாள் தள்ளிப்போனால் சம்பா நடவே தள்ளிப்போகும்.

1920களின் இறுதியில் தண்டவாளம் வந்தது. அதற்கு முன் சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் ரயில் கடலூர், சிதம்பரம், மாயவரம், தஞ்சாவூர் என்று கடலோரமாகச் சுற்றிப் போயிற்று. விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாக நேராகத் திருச்சிக்குப் போட்ட கார்டு லைன் தூரத்தைக் குறைத்தது. அதில் பெண்ணாடம் ஒரு நிலையம். ஆற்றுவழியே கிழக்கு-மேற்காக நடந்துகொண்டிருந்த ஊர் முதல் தடவையாக வடக்கு-தெற்குப் போக்குவரத்துக்குள் வந்தது. துணி, நகை, கல்லூரி எல்லாவற்றுக்கும் விருத்தாசலமும் திருச்சியும் பக்கமாகிவிட்டன. நாட்டியாஞ்சலிக்கும் ஆருத்ரா தரிசனத்துக்கும்தான் இன்று சிதம்பரம். வெள்ளத்தின் வலிமையை இந்தத் தடமும் அறிந்தது. 1956 நவம்பர் 23 அதிகாலையில் அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் அரித்துப்போக, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார்.

20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பம்பு செட்டும் ஆழ்துளைக் கிணறும் பரவியதும் ஏரித் தண்ணீரை எதிர்பார்த்திருந்த நிலம் கரும்புக்கு மாறியது. இறையூரில் சர்க்கரை ஆலை வந்ததும் மாற்றம் விரைந்தது. கரும்பு நட்டவன் வேலை கரணை ஊன்றியதோடு முடிவதில்லை. ஐந்தாம் மாதத்திலிருந்து சோகை உரிக்க வேண்டும். காற்றுக்குச் சாயாமல் நாலைந்து கரும்பைச் சேர்த்து விட்டம் கட்ட வேண்டும். முற்றியபின் ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டும். உத்தரவு ஒரு மாதம் பிந்தினால் கரும்பு பூத்து எடை குறையும், வெட்டாட்களின் கூலி ஏறும். பதிவு செய்த கரும்பை வேறு ஆலைக்குக் கொடுக்கவும் முடியாது. ஆற்றங்கரை விவசாயியின் வருமானம் ஒரே வாங்குபவரின் கையில் போய்விட்டது. 2010களின் பிற்பகுதியில் அந்த ஆலையில் அரவை நின்றபோது, நிலுவைத் தொகை கேட்டு விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியதாயிற்று. பலர் மறுதாம்புக் கரும்பை அழித்துவிட்டு நெல்லுக்கும் மக்காச்சோளத்துக்கும் திரும்பினார்கள்.

வீடு கட்டும் வேகம் கூடியபோது ஆற்று மணல் விலைபொருளாயிற்று. திட்டக்குடி, பெண்ணாடம் பகுதியிலும் எதிர்க்கரைச் சன்னாசிநல்லூர்ப் பக்கத்திலும் மணல் குவாரிகளுக்கு எதிராகப் பல தடவை மக்கள் மறியல் செய்திருக்கிறார்கள். இரு மாவட்டத்தாரும் ஒரே கோரிக்கைக்காக நின்ற இடம் இது. அவர்களின் கணக்கு எளிமையானது: மணல் தண்ணீரைப் பிடித்துவைக்கும், மணல் போனால் வெள்ளம் ஓடிவிடும், ஊற்றும் கிணறும் வற்றும். முகத்துவாரத்துப் பக்கம் இதன் விளைவு வேறு விதமாக வரும். ஆற்றிலிருந்து நன்னீர் அழுத்தம் குறைந்தால் கடல்நீர் நிலத்தடியில் உள்ளே ஏறும். பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றுக் கழிமுகத்தை ஒட்டி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. கழிமுகத்தில் உப்பின் அளவு பருவத்துக்குப் பருவம் மாறுவதைப் பல தலைமுறை மாணவர்கள் அளந்திருக்கிறார்கள். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஏறத்தாழ 1,100 ஹெக்டேரில் பரவியிருக்கும் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்கும் இந்த நன்னீர் தேவை. சுரபுன்னையும் வெண்கண்டலும் அங்கே மிகுதி. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த தில்லை மரமும் அந்தக் காட்டைச் சேர்ந்தது.

இயற்கைச் சீற்றங்கள் ஆற்றின் இரு முனையிலும் ஒரே மாதிரி விழுவதில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கடலூர் மாவட்டக் கரையில் 600க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. கிள்ளைப் பக்கத்து எம்.ஜி.ஆர். திட்டு அடியோடு போயிற்று. அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் குறைந்த சேதத்தோடு தப்பின. பெண்ணாடத்துக்கு அது செய்தி மட்டுமே. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் சாய்த்தது. 2015 மழையிலும் கடலூர்க் கரையோரம்தான் அதிகம் மூழ்கியது. மேற்கே உள்ள பெண்ணாடத்துக்கு வெள்ளாறு பெருகினால் தாழ்ந்த வயல்களும் ஆற்றைக் கடக்கும் வழிகளும் பாதிக்கப்படும். கரைக்குக் கரை உறவும் நிலமும் உள்ளவர்கள் மழைக்காலத்தில் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்ததால், சௌந்தரசோழபுரத்துக்கும் எதிர்க்கரைக் கோட்டைக்காட்டுக்கும் இடையே மேம்பாலம் வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாள் இருந்தது.

தென்னார்க்காடு மாவட்டம் 1993இல் பிரிந்தபோது பெண்ணாடம் கடலூர் மாவட்டத்தில் நின்றது. விருத்தாசலத்திலிருந்து பிரிந்த திட்டக்குடி வட்டம் இன்று அதன் வட்டம். தென்கரை பெரம்பலூருக்குப் போய், 2007இல் அரியலூர் தனி மாவட்டமானபோது அதனுடன் சேர்ந்தது. ஒரே ஆற்றின் தண்ணீரையும் மணலையும் பற்றிய முடிவுகள் இப்போது இரண்டு ஆட்சியர் அலுவலகங்களில் எடுக்கப்படுகின்றன. மாவட்டத் தலைநகர் கடலூர் கடற்கரையில் இருப்பதால், ஆட்சியர் அலுவலகத்தில் எந்த வேலை இருந்தாலும் பெண்ணாடத்துக்காரர் விருத்தாசலம், நெய்வேலி தாண்டிக் கடலோரம் வரைக்கும் போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது.